தனியார் குளங்களில் மீன்பிடி அனுமதி

தனியார் குளங்களில் மீன்பிடி அனுமதி என்பது, பிறருக்கு உரிமையான அல்லது பிறர் குத்தகைக்கு எடுத்துள்ள குளம், குட்டை, கிணறு போன்ற நீர்நிலைகளில் தூண்டில் போடவோ வலை வீசவோ அவரிடம் கேட்டுப் பெறும் இசைவைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இந்த அனுமதி பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே கேட்கப்படுகிறது, வாய்ச்சொல்லாகவே தரப்படுகிறது. அனுமதி இல்லாமல் பிடிக்கும் மீன் சிறியதாக இருந்தாலும், அதனால் வரும் சச்சரவு சிறியதாக இருப்பதில்லை. ஒருவரின் ஓராண்டு முதலீடு, அண்டை ஊர்களின் உறவு, சில வேளைகளில் தூண்டில் போட வந்தவரின் உயிர் ஆகியவை இதில் அடங்கியுள்ளன. இக்கட்டுரை, குளத்து மீனின் உரிமை, அனுமதி பற்றிய இந்தியச் சட்ட நிலை, கேட்கும் முறை, கரையில் கடைப்பிடிக்க வேண்டியவை ஆகியவற்றைத் தமிழ்நாட்டுச் சூழலில் விளக்குகிறது.

நீர்நிலை வகைகளும் உரிமையும்

அனுமதி கேட்பதற்கு முன் அறிய வேண்டியது, அந்த நீர்நிலை யாருடையது என்பதே. வெளித்தோற்றத்தில் எல்லாக் குளங்களும் ஒன்று போலவே இருக்கும். உரிமையில் அவை வெவ்வேறானவை.

* பாசன ஏரிகளும் கண்மாய்களும்: தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 பாசன ஏரிகள் உள்ளன. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை அரசின் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. நீர் பொதுவானது என்றாலும், இவற்றில் பலவற்றின் மீன் உரிமை ‘மீன் பாசி குத்தகை’ என்ற பெயரில் ஏலம் விடப்படுகிறது. குத்தகைக் காலம் பெரும்பாலும் சூலை முதல் சூன் வரையிலான பசலி ஆண்டைக் கொண்டு கணக்கிடப்படும். குத்தகை நடப்பில் இருக்கும் வரை மீனுக்கு உரியவர் குத்தகைதாரரே.
* ஊருணிகளும் கோயில் தெப்பக்குளங்களும்: ஊருணிகள் குடிநீருக்காக ஊரார் காத்து வந்தவை. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுவதே மரபு. பக்தர்கள் அதைப் பிடிப்பதில்லை. இவ்விடங்களில் தூண்டிலோடு நிற்பதே மனவருத்தம் தரும்.
* பட்டா நிலத்துக் குட்டைகளும் கிணறுகளும்: தோட்டத்துக் கிணறு, பண்ணைக் குட்டை, மீன் வளர்ப்புக் குளம் ஆகியன இவ்வகை. நிலத்தின் உரிமையாளரே நீர்நிலைக்கும் உரிமையாளர். எனினும் அவர் நிலத்தையோ குளத்தை மட்டுமோ வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கலாம்.
* கைவிடப்பட்ட கல்குவாரிகள்: மழைநீர் தேங்கிக் குளம் போலத் தோன்றும் இவை, பட்டா நிலமாகவோ அரசுப் புறம்போக்காகவோ இருக்கலாம். ஆழம் திடீரென மாறுவதால் மிகவும் ஆபத்தானவை.

ஊரில் கேட்டும் உரிமையாளர் தெரியவில்லையெனில், புல எண்ணைக் கொண்டு வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டாவையும் ‘அ’ பதிவேட்டையும் பார்க்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டும் அறியலாம்.

1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் ‘தனியார் நீர்’ என்பதற்கு ஒரு விளக்கம் தருகிறது. ஒருவருக்கே முழு உடைமையான நீரும், உரிமையாளராகவோ குத்தகைதாரராகவோ வேறு வகையிலோ ஒருவர் தனிப்பட்ட மீன்பிடி உரிமை கொண்டுள்ள நீரும் தனியார் நீர் ஆகும். வழக்கத்தின் காரணமாகப் பிறருக்கும் அங்கு மீன்பிடிக்கும் உரிமை இருக்கலாம் என்பதாலேயே அது தனியார் நீர் இல்லாமல் போய்விடாது என்றும் அச்சட்டம் தெளிவுபடுத்துகிறது. இதிலிருந்து இரண்டு செய்திகள் புலப்படும். முதலாவது, குத்தகைதாரரும் உரிமையாளருக்கு நிகரானவர். இரண்டாவது, ‘நாங்கள் காலங்காலமாக இங்கேதான் பிடிக்கிறோம்’ என்ற சொல் குளத்தைப் பொதுவாக்கிவிடாது.

குளத்து மீன் யாருடையது

‘மீன் தானாக வளர்கிறது, பிடிப்பவருக்குச் சொந்தம்’ என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆற்று மீனைப் பற்றி ஒரு காலத்தில் எழுந்த எண்ணம் இது. வளர்ப்புக் குளத்துக்கு இது பொருந்தாது.

தென்னிந்தியக் குளங்களில் இன்று வளர்க்கப்படும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்று கெண்டை இனங்களும் கங்கைச் சமவெளி போன்ற வடபகுதி ஆறுகளுக்குரியவை. குளத்துத் தேங்கிய நீரில் இவை இயல்பாக முட்டையிடுவதில்லை. எனவே முற்காலத்தில் ஆறுகளில் குஞ்சுகளைச் சேகரித்தே குளங்களில் விட்டனர். 1957 சூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஈராலால் சௌத்ரி, கே. எச். அலிக்குஞ்ஞி ஆகிய அறிவியலாளர்கள் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திப் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்தனர். அந்த நாள் இந்தியாவில் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இம்முறை பரவிய பின் மீன்குஞ்சு விலைக்கு எளிதாகக் கிடைக்கத் தொடங்கியது. குளம் என்பது நெல் வயலைப் போல விதைத்து அறுக்கும் இடமாயிற்று.

கூட்டுமீன் வளர்ப்பில் ஓர் எக்டேருக்கு ஏறத்தாழ 5,000 முதல் 10,000 குஞ்சுகள் விடப்படுகின்றன. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை எடுக்கும். குஞ்சு விலை, சுண்ணாம்பு, சாணம், தவிடு, பிண்ணாக்கு, மோட்டாருக்கான மின்செலவு, காவல் எனச் செலவு தொடரும். ஏறத்தாழ ஓராண்டில் மீன் ஒரு கிலோ எடையை எட்டும்போதுதான் போட்ட பணம் திரும்பும். ஒரே காலை வேளையில் பத்து மீன் காணாமல் போவது விற்பனைக்காரரின் தராசில் பத்துக் கிலோ குறைவாகும். கரையில் நின்று தூண்டில் போடுபவரைக் கண்டதும் வளர்ப்பவர் கோபப்படுவதன் காரணம் இதுவே.

சட்டமும் இதையே கருத்தில் கொள்கிறது. ஓடும் ஆற்றில் தன்னிச்சையாகத் திரியும் மீன் எவருடைய கைவசத்திலும் இல்லை. தப்பிச் செல்ல இயலாதபடி அடைபட்ட குளத்து மீனோ குளத்தை வைத்திருப்பவரின் கைவசத்தில் உள்ளது. அதை அவர் இசைவின்றி நேர்மையற்ற எண்ணத்துடன் எடுப்பது திருட்டாகும். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதா, 2023இன் 303ஆம் பிரிவு திருட்டைப் பற்றியும், 329ஆம் பிரிவு குற்ற நோக்கத்துடன் அத்துமீறி நுழைவதைப் பற்றியும் கூறுகின்றன. முறையாக உள்ளே வந்தவர், உரிமையாளருக்குத் தொல்லை தரும் நோக்கத்துடன் வெளியேறாமல் தங்கிவிடுவதும் அத்துமீறலில் அடங்கும்.

அனுமதியின் சட்டத் தன்மை

ஒருவர் தம் குளத்தில் மீன்பிடிக்க மற்றவருக்குத் தரும் சாதாரண அனுமதி, 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறும் இசைவு (உரிமம்) ஆகும். இந்த இசைவு இல்லாதிருந்தால் சட்டப் புறம்பாகும் ஒரு செயலை, இசைவு சட்டத்துக்கு உட்பட்டதாக்குகிறது. ஆனால் நிலத்திலோ நீரிலோ எந்த உரிமையையும் பெறுபவருக்கு மாற்றித் தருவதில்லை. இச்சட்டத்தின் விதிகள் நாட்டுப்புற மரியாதையோடு பெரிதும் ஒத்துப் போகின்றன:

* இசைவு வெளிப்படையாகவும் இருக்கலாம், தருபவரின் நடத்தையிலிருந்து உணரத்தக்கதாகவும் இருக்கலாம் (பிரிவு 54). எழுத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.
* மீன்பிடி போன்ற இசைவை, வேறு கருத்து வெளிப்படாத நிலையில், பெற்றவர் இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது (பிரிவு 56). ஒருவருக்குக் கிடைத்த அனுமதியில் அவர் நண்பர் தனியே வந்து தூண்டில் போட இயலாது.
* இடத்தில் உள்ள ஆபத்தான குறை உரிமையாளருக்குத் தெரிந்து, வருபவருக்குத் தெரியாமல் இருந்தால், அதைச் சொல்வது உரிமையாளரின் கடமை (பிரிவு 57).
* நிலம் கைமாறினால், புதிய உரிமையாளரைப் பழைய இசைவு கட்டுப்படுத்தாது (பிரிவு 59).
* பொதுவாக இசைவைத் தந்தவர் அதைத் திரும்பப் பெறலாம் (பிரிவு 60). அவ்வாறு பெறும்போது, வந்தவர் தம் பொருள்களை எடுத்துக்கொண்டு வெளியேற நியாயமான அவகாசம் உண்டு (பிரிவு 63).

ஒரு நாள் தூண்டில் போடுவதற்கும், குளத்து மீனைப் பிடித்துச் செல்லும் உரிமையையே விலைக்கு வாங்குவதற்கும் வேறுபாடு உண்டு. ஆனந்த பெஹெரா எதிர் ஒரிசா அரசு என்ற வழக்கில் 1955இல் உச்ச நீதிமன்றம் இதை ஆராய்ந்தது. சிலிக்கா ஏரியின் சில பகுதிகளில் மீன்பிடிக்க, பாரிகுட் சமீனின் அரசரிடம் பணம் கட்டி வாய்மொழியாக உரிமை பெற்றிருந்தவர்கள் மனுதாரர்கள். சமீன் ஒழிக்கப்பட்டு ஏரி அரசின் வசம் வந்தபோது அரசு அந்த உரிமையை ஏற்க மறுத்தது. மீனைப் பிடித்து எடுத்துச் செல்லும் உரிமை நிலத்திலிருந்து எழும் பயன் என்பதால் அது அசையாச் சொத்தின் தன்மையுடையது என்றும், நூறு ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள அத்தகைய உரிமையைப் பதிவு செய்யப்பட்ட ஆவணத்தால் மட்டுமே விற்க முடியும் என்றும் நீதிமன்றம் கூறியது. மனுதாரர்களின் வாய்மொழி உடன்பாடு நிற்கவில்லை. பருவம் முழுவதற்கும் பணம் கொடுத்து மீன் உரிமை பெற எண்ணுபவர்கள் வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் எழுதிப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது இதன் படிப்பினை.

பொதுக் குளமும் மறுப்பும்

தனியார் குளத்தின் உரிமையாளர் காரணம் கூறாமலேயே அனுமதி மறுக்கலாம். பொதுக் குளத்தில் நிலை வேறு. அரசு நிதியால் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும், அல்லது பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சமயம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் மட்டும் எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15(2)ஆம் உறுப்பு கூறுகிறது.

‘இது தனியார் குளம்’ என்ற சொல் தடுப்பதற்கான கருவியாகவும் பயன்பட்டதுண்டு. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மகாராட்டிரத்தின் மகாட் நகரில் உள்ள சவுதார் குளத்தில் நீர் அருந்தினர். பின்னர், அது சாதி இந்துக்களுக்கே உரிய குளம் என்று வழக்குத் தொடரப்பட்டது. குளம் நகராட்சிக்குரியது என்றும், பிறரை விலக்கும் தொன்மையான வழக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் பம்பாய் உயர் நீதிமன்றம் 1937இல் தீர்ப்பளித்தது. குளம் யாருடையது என்று முதலிலேயே அறிந்துகொள்வது, கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதற்கு மட்டுமல்ல, கேட்கத் தேவையில்லாத இடத்தில் தலைகுனியாமல் இருப்பதற்கும் உதவும். ஆயினும் பொதுக் குளத்தின் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால், அக்குத்தகை எல்லோரையும் ஒன்று போலவே கட்டுப்படுத்தும்.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் கோடையில் நடைபெறும் மீன்பிடித் திருவிழா, ஊரே சேர்ந்து அனுமதி தரும் மரபாகும். நீர் வற்றிய கண்மாயில் குறித்த நாளில் சுற்று வட்டார மக்கள் கூடுவர். ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசிய பின்னரே எல்லோரும் இறங்குவர். ஊத்தா, கச்சா, பரி, வலை ஆகியவற்றைக் கொண்டு மீன் பிடிப்பர். ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்திலும் துண்டு வீசும் வரை யாரும் நீரில் கால் வைப்பதில்லை என்பதே இதன் சிறப்பு. அந்த ஒரு நாள் அனுமதி, மறுநாள் பக்கத்துத் தோட்டத்துக் குட்டைக்குப் பொருந்தாது.

அனுமதி கேட்கும் முறை

யாரிடம் கேட்பது: குளம் குத்தகையில் இருந்தால் குத்தகைதாரரிடம் கேட்க வேண்டும், அவர் இசைந்தாலும், நிலத்துக்காரரின் வரப்பு வழியே செல்ல வேண்டியிருந்தால் அவருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காவலரோ தோட்டத்தில் வேலை செய்பவரோ தரும் அனுமதி போதாது. பின்னர் உரிமையாளர் கேட்கும்போது வேலைக்காரரே பதில் சொல்ல நேரும். அவருடைய பிழைப்பை இடரில் வைத்து மீன் பிடிப்பது முறையன்று. பங்காளிகளுக்குள் பொதுவான கிணறாக இருந்தால், அவர்களுக்குள் வழக்கு ஏதும் உள்ளதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. ஒருவர் தந்த அனுமதியை மற்றவர் தம்மை மதிக்காததாக எடுத்துக்கொள்வது உண்டு.

எப்போது கேட்பது: தூண்டிலும் வாளியுமாகப் போய் நின்று கேட்பது, மறுக்க இடம் தராமல் கேட்பதாகும். முதல் முறை வெறுங்கையுடன், பகலில், சில நாள் முன்னதாகச் சென்று கேட்பது உகந்தது. நாற்று நடவு, அறுவடை, மருந்து தெளிப்பு போன்ற வேலை நெருக்கடியில் இருப்பவரிடம் கேட்பதைத் தவிர்க்கலாம். தெரிந்த ஒருவர் உடன் வந்தால் பேச்சு எளிதாகும். வயதில் மூத்தவரை ஐயா, அண்ணே, அக்கா, அம்மா என உறவுமுறை சொல்லி அழைப்பதும், தான் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று முதலில் சொல்வதும் ஊர் வழக்கம். அடையாளம் சொல்லாத அந்நியரிடமே ஐயம் எழுகிறது.

என்ன சொல்வது: எந்த நாள், எவ்வளவு நேரம், எத்தனை பேர், தூண்டிலா வலையா, பிடித்ததைக் கொண்டு செல்வதா திருப்பி விடுவதா என்ற ஐந்தும் தெளிவாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக:

“வணக்கம் அண்ணே. நான் கீழத்தெரு, வாத்தியார் வீட்டுப் பையன். ஞாயித்துக்கெழம காலையில ரெண்டு மணி நேரம் உங்க குட்டையில தூண்டில் போட்டுக்கலாமாண்ணே? நானும் என் தம்பியும் மட்டுந்தான் வருவோம். எதப் பிடிக்கலாம், எத விடணும்னு நீங்களே சொல்லிருங்க.”

கடைசி வாக்கியம் முதன்மையானது. முடிவை உரிமையாளரிடமே விடுவதால் அவர் தம் கவலையைச் சொல்ல இடம் கிடைக்கிறது. “ஜிலேபிய எவ்வளவு வேணும்னாலும் பிடிச்சுக்கப்பா, கட்லாவுல மட்டும் கை வெச்சிராத” என்பது போன்ற பதில் வருவது உண்டு. இதற்குக் காரணம் உள்ளது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலேப்பியா என்னும் ஜிலேபிக் கெண்டை, சிறு வயதிலேயே முட்டையிடத் தொடங்கி ஆண்டுக்குப் பல முறை பெருகும். முட்டையையும் குஞ்சையும் தாய் மீன் வாயில் வைத்துக் காப்பதால் அவை அதிகம் பிழைக்கின்றன. குளம் நிறையச் சிறு மீன்களாகி, வளர்ப்பு மீனின் இரையையும் உயிர்வளியையும் பங்கு போடும். எனவே ஜிலேபியைக் குறைத்துத் தருவதாகச் சொல்வது, உரிமையாளருக்கும் பயன்படும் வேண்டுகோளாகிறது. குஞ்சு விட்ட குளத்தில் விராலும் கெளுத்தியும் இரைகொல்லிகள் என்பதால் அவற்றையும் பிடித்துத் தரச் சொல்லலாம். ஆனால் விராலையே விலைக்காக வளர்ப்பவர்களும் உள்ளனர் என்பதால், கேட்காமல் முடிவு செய்யக் கூடாது.

மறுத்தால்: “சரிங்க, பரவாயில்ல” என்று சொல்லி நகர்வதே முறை. ‘போன வருசம் அவருக்கு மட்டும் விட்டீங்களே’ என்ற வாதம் வாசலை நிலையாக மூடிவிடும். மறுப்புக்குப் பல காரணங்கள் இருக்கலாம்: அண்மையில் குஞ்சு விட்டிருக்கலாம், மருந்து போட்டிருக்கலாம், முன்பு வந்தவர்கள் மது புட்டிகளை உடைத்துவிட்டுச் சென்றிருக்கலாம், அந்தக் கிணற்றில் ஓர் உயிர் போயிருக்கலாம். அமைதியாகத் திரும்பியவரை அடுத்த பருவத்தில் அவரே அழைப்பதும் உண்டு.

கரையில் கடைப்பிடிக்க வேண்டியவை

அனுமதி கிடைத்த பின் அதைத் தக்கவைப்பது நடத்தையே.

* வழி: வரப்பில் நடக்க வேண்டும்; விதைத்த வயலில் இறங்கக் கூடாது. படலைத் திறந்தால் மூட வேண்டும். திறந்து விட்ட படல் வழியே நுழையும் மாடு ஒரு மணி நேரத்தில் தின்பது, குளத்து மீனைவிட விலை கூடியதாக இருக்கலாம்.
* ஆள்: சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஆள் வரக் கூடாது. கூடுதலாக ஒருவர் வர நேர்ந்தால் மறுபடி கேட்க வேண்டும். பிடித்த இடத்தைச் சமூக ஊடகத்தில் ஊர்ப் பெயரோடு காணொளியாக வெளியிட்டால், அடுத்த ஞாயிறு முன்பின் தெரியாதவர்கள் வந்து நிற்பார்கள். உரிமையாளரிடம் தனியாகக் கேட்காமல் அதைச் செய்வது கூடாது.
* கருவி: தூண்டிலுக்கு அனுமதி பெற்றவர் வீச்சு வலையை எடுக்கக் கூடாது. இரவு முழுவதும் முள் கட்டிப் போட்டுவிட்டுச் செல்வதும் தனியாகக் கேட்க வேண்டிய ஒன்று.
* குப்பை: அறுந்த தங்கூஸ் நரம்பு மட்காது. கொக்கு, நீர்க்காகம் போன்றவற்றின் காலில் சுற்றிக்கொள்ளும். புல்லில் விழுந்த தூண்டில் முள் மேயும் ஆட்டின் வாயிலோ, வெறுங்காலுடன் நடக்கும் உரிமையாளரின் பாதத்திலோ ஏறும். கொண்டு சென்ற முள்ளின் எண்ணிக்கையைத் திரும்பும்போது சரிபார்ப்பது நல்ல பழக்கம்.
* திருப்பி விடும் மீன்: ஈரக் கையால் பிடிக்க வேண்டும். உலர்ந்த கையோ துணியோ மீனின் வழுவழுப்பான மேற்பூச்சை அகற்றிவிடும். அவ்விடத்தில் பூஞ்சை பற்றும். முள்ளை விரைவாகக் கழற்றி, எறியாமல், நீரில் தாழ்த்தி விட வேண்டும்.
* மீன் மேலே வந்து வாய் திறந்தால்: நீர்த்தாவரங்களும் பாசியும் இரவில் உயிர்வளியை எடுத்துக்கொள்வதால், விடியலுக்குச் சற்று முன்பும் மழைமூட்டமான நாள்களிலும் குளத்தில் உயிர்வளி குறையும். அப்போது மீன்கள் மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கும். இது எளிதாகப் பிடிப்பதற்கான தருணம் அன்று. குளம் மூச்சுத் திணறுகிறது என்பதன் அடையாளம். உடனே உரிமையாளருக்குத் தெரிவித்தால், புதுநீர் பாய்ச்சியோ காற்றூட்டியை இயக்கியோ அவர் மீனைக் காப்பாற்ற முடியும். இந்த ஒரு தொலைபேசி அழைப்பு பல ஆண்டு அனுமதிக்குச் சமம்.

ஒரு குளத்து மீனை இன்னொரு குளத்தில் விடுவது மிகுந்த கேடு தரும். மீன் பேன் போன்ற ஒட்டுண்ணிகளும், 1988 முதல் இந்திய மீன்களைத் தாக்கி வரும் கொள்ளைப் புண் நோயும் மீன், நீர், ஈர வலை ஆகியவற்றின் வழியாகப் பரவும். இந்தியாவில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒரு குட்டையில் நுழைந்தால் மற்ற மீன்களைத் தின்று தீர்க்கும். எனவே வலையையும் வாளியையும் வெயிலில் முழுதும் உலர்த்திய பிறகே வேறு குளத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். மிஞ்சிய உயிர் இரையைக் குளத்தில் கொட்டக் கூடாது.

வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4, 5ஆம் பிரிவுகள் குற்றமாக்குகின்றன. நீரில் மின்சாரம் பாய்ச்சிப் பிடிப்பது, பிடிப்பவர் உட்பட நீரில் உள்ள எவரையும் கொல்லக் கூடியது. உரிமையாளரே இசைந்தாலும் இம்முறைகளைப் பயன்படுத்தக் கூடாது.

பாதுகாப்பு

அனுமதி கேட்பதன் மிகப் பெரிய பயன், ஆபத்து எங்கே இருக்கிறது என்று அறிந்தவரிடம் பேச வாய்ப்புக் கிடைப்பதே. நெகிழித் தாள் விரித்த பண்ணைக் குட்டை, ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் ஏறி வர முடியாத இடமாகும். தாளில் பாசி படிந்து வழுக்குவதால், நீந்தத் தெரிந்தவரும் சரிவில் கால் ஊன்ற முடியாமல் களைத்துப் போவார். இறங்குவதற்குக் கட்டிய கயிறோ ஏணியோ எங்கே உள்ளது என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அது இல்லாத குட்டையில் ஒரு முனையை மரத்திலோ முளையிலோ கட்டிய கயிற்றை நீர்வரை விட்டு வைக்க வேண்டும்.

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, மோட்டாருக்குச் செல்லும் மின்கம்பி, காற்றூட்டியின் மின்வடம், காட்டுப் பன்றிக்காகப் போட்ட மின்வேலி, வரப்பு வளைகளில் உள்ள பாம்பு ஆகியன பற்றியும் கேட்க வேண்டும். கார்பன் தூண்டில் கோல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், மேலே மின்கம்பி செல்லும் இடத்தில் அதை வீசக் கூடாது. சிறுவர்கள் பெரியவர் துணையின்றிச் செல்லக் கூடாது. ஒருவர் விழுந்தால் பின்னாலேயே குதிப்பதைவிட, கயிறு, கோல், காலிக் குடம் போன்றவற்றை எறிந்து பற்றச் செய்வது இருவர் உயிரையும் காக்கும். சொல்லாமல் வந்தவர் நீரில் விழுந்தால், அவர் அங்கே இருப்பதே எவருக்கும் தெரியாது.

பங்கும் நன்றியும்

பிடித்த மீனை உரிமையாளரிடம் காட்டி, அவருக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்வது பரவலான மரபு. அவர் வேண்டாம் என்று சொன்னாலும் காட்டாமல் செல்வது சரியன்று. எத்தனை மீன், எந்த அளவில் என்பது அவருக்குக் குளத்தின் நிலையைச் சொல்லும் கணக்குமாகும். ஜிலேபியே மிகுதியாக விழுந்தது, ரோகு இளைத்திருக்கிறது, உடலில் புண் உள்ளது போன்ற செய்திகள் அவருக்குப் பணமதிப்புள்ளவை. சைவ உணவுக் குடும்பமாக இருந்தால் மீனை அவர்கள் முற்றத்தில் அறுக்கவோ கழுவவோ கூடாது; பழமோ வேறு பொருளோ கொண்டு செல்லலாம். பணம் கொடுக்க முன்வருவதில் தவறில்லை, ஆனால் நட்பாகத் தந்த அனுமதிக்கு விலை பேசுவதைச் சிலர் அவமதிப்பாகக் கருதுவர். கரையில் உள்ள நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்ட, வலை இழுக்கும் நாளில் கைகொடுக்க, குளம் தூர்வாரும்போது உடன் நிற்க என உழைப்பால் ஈடு செய்வது எங்கும் வரவேற்கப்படுகிறது.

உரிமையாளர் செய்யக்கூடியவை

அனுமதி தர விரும்பும் உரிமையாளருக்கும் சில முறைகள் உதவும். எந்த மீனைப் பிடிக்கலாம், எந்த நாளில் வரலாம், எத்தனை பேர் வரலாம் என்பதைக் கரையில் பலகையாக எழுதி வைப்பதால் பல சச்சரவுகள் குறைகின்றன. தெரிந்த ஆபத்துகளை வருபவரிடம் சொல்வது, மேலே கண்டவாறு, சட்டக் கடமையுமாகும். மறுப்பதாக இருந்தால் குஞ்சு விட்டிருப்பது போன்ற காரணத்தைச் சொல்லி, எப்போது வரலாம் என்றும் சொன்னால், கேட்டு வந்தவர் இரவில் கேட்காமல் வருபவராக மாறுவதில்லை. அடிக்கடி கரையில் இருக்கும் நம்பகமான ஒருவர், குளத்துக்குச் சம்பளமில்லாத காவலுமாவார். வெளியாள் வலை வீசுவதையும், மடை கசிவதையும், மீன் மேலே வந்து திணறுவதையும் முதலில் காண்பவர் பெரும்பாலும் அவரே.